டப்பாவில் என்ன? – பள்ளிச் சாப்பாட்டின் நூறு வருடக் கணக்கு

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் காலை ஆறரை மணிக்கு வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான். "இன்னைக்கு டப்பாவுல என்ன கட்டுறது?" சத்தாக இருக்க வேண்டும், பிள்ளைக்குப் பிடிக்க வேண்டும், பன்னிரண்டரை மணி வரை கெடாமல் இருக்க வேண்டும், மிச்சம் வைக்காமல் திரும்பி வர வேண்டும். நான்கு நிபந்தனையும் ஒரே நாளில் நிறைவேறினால் அந்த வீட்டு அம்மாவுக்கு அன்று பெரிய நாள்.

இது ஏதோ இன்றைய தாய்மார்களின் கவலை என்று நினைக்க வேண்டாம். இந்தக் கவலைக்கு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் சட்டம் இருக்கிறது, தீர்மானம் இருக்கிறது, அணா பைசாக் கணக்கு இருக்கிறது. அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலம் கழித்தவன் என்பதால் எனக்கு அந்தக் கணக்கின் மேல் எப்போதும் ஒரு கண்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே வண்ண வண்ண எனாமல் டிபன் கேரியர்கள் அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்திருந்த செட்டிநாட்டார், சுவீடன், செக்கோஸ்லோவாகியா, ஜப்பான் என்று பல நாட்டு எனாமல் சாமான்களை வாங்கி வந்து வீட்டை நிரப்பிய காலத்து மிச்சம் அது. மூன்றடுக்கு, நான்கடுக்கு, ஐந்தடுக்கு. ஒரு அடுக்கில் சோறு, ஒன்றில் குழம்பு, ஒன்றில் காய், மேலடுக்கில் பலகாரம்.

பள்ளிச் சாப்பாட்டின் கதையில் இந்தக் கேரியர் பாதிதான். மறு பாதிக்குக் கடையில் காட்டப் பாத்திரம் எதுவும் இல்லை. கையில் ஒன்றும் கொண்டுவராத பிள்ளைகளின் கதை அது. காலையில் நீராகாரம் குடித்துவிட்டு வருவார்கள். மதிய மணி அடித்ததும் வீட்டுக்குப் போவார்கள். வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது, அம்மா வயலில் இருப்பாள். அப்படிப் போன பிள்ளை பிற்பகல் வகுப்புக்குத் திரும்புவது சந்தேகம். சில மாதம் கழித்துக் காலையிலும் வரமாட்டான். பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கும்.

இதைக் கணக்காகப் பார்த்த முதல் இடங்களில் ஒன்று நம் சென்னை மாநகராட்சி.

ஒரு அணா

1920 செப்டம்பர் 16ஆம் தேதி சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கு டிபன் கொடுக்கலாம், செலவு நபருக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மேற்படக் கூடாது என்பது தீர்மானம். அப்போது மாநகராட்சித் தலைவராக இருந்தவர் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர். பிள்ளைகள் பரம ஏழைகள், அதனால்தான் பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது என்பது அவர் வைத்த காரணம்.

திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் போனது. விளைவு எண்ணிலேயே தெரிகிறது. 1922-23இல் இந்த ஐந்து பள்ளிகளிலும் 811 பிள்ளைகள். 1924-25இல் 1,671 பிள்ளைகள். இரண்டே வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல்.

இத்தனை நன்றாக நடந்த திட்டம் 1925 ஏப்ரல் 1ஆம் தேதி நின்றுபோனது. சோறு கெட்டுப்போனது, பிள்ளைகள் சாப்பிடவில்லை என்பதெல்லாம் காரணம் இல்லை. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு எழுத அரசு அனுமதிக்கவில்லை, அவ்வளவுதான். கரும்பலகை வாங்கலாம், பெஞ்சு வாங்கலாம், டிபன் வாங்கக் கூடாது. 1927இல் மறுபடி தொடங்கி, 25 பள்ளிகளில் 1,000 ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். எந்தச் செலவுக்கும் ஒரு கணக்குத் தலைப்பு வேண்டும். தலைப்பு இல்லாத செலவு, எவ்வளவு நல்ல செலவாக இருந்தாலும், தணிக்கையில் ஆட்சேபணைதான். பள்ளிச் சாப்பாட்டின் நூறு வருட வரலாற்றை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இப்படிச் சொல்வேன்: பிள்ளையின் பசியை எந்தத் தலைப்பில் எழுதுவது என்ற கேள்விக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பதில் கிடைத்த வரலாறு.

பிரெஞ்சுக்காரன் போட்ட பெட்டி

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆகையால் இந்தக் கேள்விக்குப் பிரான்சில் என்ன பதில் சொன்னார்கள் என்பதையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பிரான்சில் 1882 மார்ச் 28ஆம் தேதிச் சட்டம் ஆரம்பக் கல்வியைக் கட்டாயம் ஆக்கியது. அதற்கு முந்தைய வருடமே கட்டணம் கிடையாது என்று ஆக்கியிருந்தார்கள். கொண்டுவந்தவர் ழூல் ஃபெரி. அதே 1882 சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. ஒவ்வொரு ஊராட்சியிலும் 'கேஸ் தெ ஸெகோல்' ஒன்று இருந்தே தீர வேண்டும். பள்ளிப் பெட்டி என்று தமிழில் சொல்லலாம், அதாவது ஏழைப் பிள்ளைகளுக்கான நிதி. உடுப்பு, செருப்பு, புத்தகம், பிறகு மதியச் சூப்பு எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்து வந்தன. பிள்ளையைப் பள்ளிக்கு வரும்படி சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தினால், மதியம் அவன் பசிக்கும் சட்டம் போட்டவன்தான் பொறுப்பு. இந்தத் தர்க்கம் எனக்கு இன்றும் பிடிக்கும்.

கீழை நாட்டிலும் ஒரு முன்னோடி உண்டு. ஜப்பானில் யமகதா மாகாணத்து ட்சுருவோகா ஊரில் 1889இல் ஒரு புத்த கோயில் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டை, சுட்ட மீன், ஊறுகாய் கொடுத்தார்கள். ஜப்பானின் பள்ளிச் சாப்பாட்டுக்கு அதைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள்.

நம் பக்கத்தில், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் 1930இல் மதிய உணவு தொடங்கியது. நாம் சாதாரணமாகச் சொல்லும் 'கேண்டீன்' என்ற சொல்லே பிரெஞ்சு 'கான்தீன்' ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்ததுதான்.

புதுச்சேரி 1954 நவம்பர் 1ஆம் தேதி இந்தியாவின் கைக்கு வந்தபோது பிரான்சின் பிரதமராக இருந்தவர் பியேர் மாந்தெஸ் ஃபிரான்ஸ். அவர் ஆட்சியில்தான் பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கோப்பைப் பால் கொடுக்கும் திட்டம் வந்தது. அப்போது அங்கே பல ஊர்களில் சின்னப் பிள்ளைகளின் சாப்பாட்டுக் கூடையில் ஒயினோ ஆப்பிள் மதுவோ இருப்பது சகஜம். உடம்புக்கு நல்லது என்று பெற்றோரே வைத்து அனுப்புவார்கள்! 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பள்ளியில் மது கூடாது என்று 1956இல்தான் தடை வந்தது. வீட்டிலிருந்து வருவதெல்லாம் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஆறு பைசாவும் நாலு பைசாவும்

அதே 1956இல் நம் ஊரில் நடந்தது உங்களுக்குத் தெரிந்ததே. ஆடு மேய்த்த சிறுவன் காமராஜரிடம் பதில் சொன்ன கதையை எல்லா மேடையிலும் கேட்டிருப்பீர்கள். நான் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

மதிய உணவுத் திட்டம் 1956 ஜூலையில் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் தொடங்கியது. பின்னால் நின்று இயக்கிய அதிகாரி பொதுக் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. அரசின் கையில் இதற்கென்று பணம் இல்லை. ஆகவே ஊர் மக்கள் கொடுப்பதை வைத்துத் தொடங்கினார்கள். யாராவது நெல் கொடுத்தார்கள், யாராவது விறகு, யாராவது காய்கறி, யாராவது பணம்.

1957 நவம்பர் 1 முதல் அரசின் மானியம் வந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 10 நயா பைசா. அதில் 6 பைசா அரசு, 4 பைசா ஊர். இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு அணா என்பது ஆறேகால் நயா பைசா. 1920இல் சென்னை மாநகராட்சி ஒதுக்கிய அதே ஒரு அணாவைத்தான் ஏறத்தாழ 37 வருடம் கழித்து அரசு தந்தது. இடையில் ஒரு உலகப் போரும் பஞ்சமும் வந்து விலைவாசி எங்கேயோ போய்விட்டது. மிச்சத்தை ஊர்தான் சுமந்தது.

அப்போது நம் காரைக்குடி இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல். செட்டிநாட்டுக்கு ஊர்ப்பங்கு என்பது புதிய விஷயம் இல்லை. வியாபாரத்தில் ஒரு பங்கை மகமை என்று எடுத்துவைத்துக் கோயிலுக்கும் சத்திரத்துக்கும் பாடசாலைக்கும் செலவிடும் பழக்கம் இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தது. காசி வரை சத்திரம் கட்டிச் சோறு போட்டவர்களுக்கு நாலு பைசா பெரிதில்லை.

ஆனால் ஊர்ப்பங்கு என்பதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கொடுப்பதற்கு ஆள் இருக்கும் ஊரில் நடக்கும். வானம் பார்த்த பூமியாகக் கிடக்கும் ஊரில், பிள்ளைகளுக்கு அதிகம் தேவைப்படும் வருடத்தில்தான் ஊரிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது. தருமத்துக்கும் திட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தருமம் கொடுப்பவன் கையைப் பார்க்கிறது. திட்டம் வாங்குபவன் வயிற்றைப் பார்க்க வேண்டும்.

1961இல் அமெரிக்காவின் 'கேர்' அமைப்பு கைகொடுத்தது. பால் பவுடர், மக்காச்சோள மாவு, கோதுமை, தாவர எண்ணெய் எல்லாம் வந்தன. அந்தக் கால அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டிகள். அவர்களிடம் மக்காச்சோள உப்புமா என்று சொல்லிப் பாருங்கள், முகம் ஒரு மாதிரி மாறும். சிலருக்கு அது அமிர்தம், சிலருக்குத் தொண்டையில் இறங்காத மஞ்சள் களி. பசி தீர்ந்தது உண்மை. ருசியைப் பற்றிக் கேட்க அன்று யாருக்கும் தைரியம் இல்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க முடியுமா?

மனுவில் இருந்து உத்தரவுக்கு

1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைத்தார். முதலில் கிராமப்புறத்தில் 2 முதல் 9 வயது வரையான பிள்ளைகளுக்கு. அதே வருடம் செப்டம்பர் 15இல் நகரங்களுக்கும் வந்தது. 1984 செப்டம்பர் 15இல் 10 முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்கும் நீண்டது. இத்தனை பணத்துக்கு எங்கே போவது, இது கல்விச் செலவா, வீண் செலவா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. 1925இல் கேட்ட அதே கேள்விதான்.

இந்த முறை பதில் வேறு. ஊர்ப்பங்கு இல்லை. அரசே தனித் தலைப்பு போட்டுச் செலவை எழுதியது. ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு அமைப்பாளர், ஒரு சமையலர், ஒரு உதவியாளர் என்று பணியிடம் வந்தது. விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறு, ஒரு குடும்பத்துக்கு மாதச் சம்பளம். திட்டம் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சம்பளப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் அதை நிறுத்துவது சுலபம் இல்லை, அதுவும் அலுவலக அனுபவம்.

மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15இல் தேசிய அளவில் திட்டம் கொண்டுவந்தது. பல மாநிலங்களில் தானியத்தை அளந்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். சமைத்த சாப்பாடுதான் கொடுக்க வேண்டும் என்று 2001 நவம்பர் 28இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் அதற்குள் ஒரு தலைமுறை சாப்பிட்டு எழுந்துவிட்டது.

முட்டையும் கறிவேப்பிலைச் சோறும்

வயிறு நிறைந்த பிறகுதான் சத்தைப் பற்றிய பேச்சு வந்தது. 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. 1998இல் வாரம் ஒன்று. 2006இல் இரண்டு, 2007இல் மூன்று, 2010இல் பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என வாரம் ஐந்து. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஒரு முட்டை நாள்தோறும் தட்டுக்கு வர 21 வருடம் ஆயிற்று.

சத்துக்குப் பிறகு ருசி. 2013இல் ஜெயலலிதா ஆட்சியில் மாவட்டத்துக்கு ஒரு ஒன்றியத்தில் சோதனையாகத் தொடங்கி, அடுத்த வருடம் மாநிலம் முழுவதும் கலவைச் சாத முறை வந்தது. அதுவரை சோறும் சாம்பாரும் முட்டையும்தான். இப்போது ஒரு நாள் காய்கறி பிரியாணி, ஒரு நாள் கொண்டைக்கடலை புலாவு, ஒரு நாள் தக்காளிச் சாதம், ஒரு நாள் கறிவேப்பிலைச் சாதமோ கீரைச் சாதமோ. முட்டையும் மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை என்று வேஷம் மாறி வந்தது. முதல் வாரமும் மூன்றாம் வாரமும் ஒரு பட்டியல், இரண்டும் நான்கும் வேறு பட்டியல்.

என்னைக் கேட்டால் இந்த வரலாற்றில் மிகவும் மதிக்க வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று. ஏழைப் பிள்ளைக்கும் நாக்கு இருக்கிறது, அதே சாம்பாரைத் தினமும் பார்த்தால் அவனுக்கும் சலிக்கும் என்பதை ஒரு அரசாணை ஒப்புக்கொண்டது சாதாரண விஷயம் இல்லை.

கடைசியாகக் காலை. 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரை கீழ அண்ணாத்தோப்பு ஆதிமூலம் மாநகராட்சி தொடக்கப் பள்ளியில் முதலமைச்சர் ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1,545 பள்ளிகள், 1.14 லட்சம் பிள்ளைகள். உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறி சாம்பார். 2023 ஆகஸ்ட் 25இல் திருக்குவளையில் தொடங்கி மாநிலத்தின் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. சென்னை மாநகராட்சியின் ஒரு அணாத் தீர்மானத்திலிருந்து எண்ணினால், ஒரு நாள் குறைய 102 வருடம்.

டப்பா கட்டுபவர்களுக்கு

இத்தனையும் ஏன் சொல்கிறேன் என்றால், தனியார் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் வீடுகளில் 'சத்துணவு' என்ற சொல்லைக் கொஞ்சம் இளக்காரமாகச் சொல்வதைக் கேட்கிறேன். கணக்குப் போட்டுப் பார்ப்போமே. அரசுப் பள்ளித் தட்டில் நாள்தோறும் ஒரு முட்டை. பட்டியலில் கொண்டைக்கடலையும் கீரையும் உண்டு. அடுத்தடுத்த நாளில் ஒரே சாப்பாடு இல்லை. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளையில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் வேண்டும் என்பது தேசிய அளவுகோல். நாம் கட்டும் அழகான டப்பாவில் ரொட்டியும் ஜாமும், அல்லது இரண்டு நிமிட நூடுல்ஸும், ஓரத்தில் ஒரு சிப்ஸ் பொட்டலமும் இருந்தால், 12 கிராம் புரதத்துக்கு எங்கே போவது? அப்படிப்பட்ட நாளில் தட்டுதான் ஜெயிக்கிறது, டப்பா தோற்கிறது.

நம் பக்கத்துப் பலகாரத்திலேயே விடை இருக்கிறது. உளுந்தும் பாசிப்பருப்பும் கொஞ்சம் பச்சரிசியும் வறுத்து மாவாக்கி, கருப்பட்டிப் பாகும் நெய்யும் சேர்த்துக் கிளறும் கும்மாயம், சத்தும் இனிப்பும் ஒன்றாகக் கிடைக்கும் வஸ்து. ஒரு சின்ன வில்லை போதும். குழிப்பணியாரம் சின்னக் கைக்கு என்றே செய்தது போல இருக்கும். மாவில் கேரட்டைத் துருவிப் போட்டால் பிள்ளைக்கு அது வண்ணம், நமக்கு அது காய். கவுனி அரிசியின் கரும் ஊதா நிறத்தைப் பார்த்து வேடிக்கையாகவே சாப்பிடும் குழந்தைகள் உண்டு. இடியாப்பத்தை எலுமிச்சம்பழம் பிழிந்து தாளித்து, கூட ஒரு கை சுண்டல் வைத்தால் மதியம் வரை கெடாது. அப்பத்தாவும் ஆயாவும் செய்தவைதான் எல்லாம், புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

வரிசையையும் வரலாறு சொல்லிக் கொடுத்திருக்கிறது. முதலில் வயிறு, பிறகு சத்து, பிறகு ருசி. அரசுக்கு இந்த மூன்று படி ஏற நூறு வருடம் தேவைப்பட்டது. வீட்டில் ஒரு காலைப் பொழுதில் ஏறிவிடலாம். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போகும் பிள்ளைக்கு எத்தனை அழகான டப்பா கட்டினாலும் பத்து மணிப் பாடம் மண்டையில் ஏறாது.

இன்னும் ஒன்று. டப்பாவில் ஒரு பணியாரம் கூடுதலாக வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் சேர்த்து.